உசுரு மருந்து

அந்த இருமலா? அது பன்னி மாப்ள. பன்னி இருமுது. பயந்துட்டியா? மொத தடவ வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க, யாரோ வயசானவரு செவுத்துக்குப் பின்னால படுத்துக் கெடக்கறாரோன்னு. அச்சு அசலா நம்மள மாதிரியே இருமும். தொண்டையச் செருமும், ரெண்டு தடவ முக்கும், அப்புறம் அடிவயித்துலருந்து ஒண்ணு வரும். நீ கூப்பிட்டது கேக்கல, நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

நில்லு, நில்லு. கம்பிகிட்ட வராத. அதோ அந்த பெஞ்சு இருக்கு பாரு, அங்க உக்காரு. வெளியாளுங்களுக்கு அதுதான் எடம். இது நான் போட்ட சட்டமில்ல, கேட்டுலயே சொல்லியிருப்பானே. மொதலாளியோட சம்பந்தியே வந்தாலும் அந்த பெஞ்சுதான். கத்திப் பேசு, பரவாயில்ல, எனக்குப் பழக்கம்தான். ஃபேன் சத்தத்துல இங்க யாரும் மெதுவாப் பேசினதே இல்ல.

மெதுவா உக்காரு. சட்டுனு குனியாத, தையல் இழுக்கும். இன்னும் வலி இருக்கா? இருக்கும் இருக்கும். ஒரு கிட்னிய எடுத்து அக்காவுக்குக் குடுத்துட்டு, காயம் ஆறறதுக்குள்ள ரோட்டு மேல ஆடிக்கிட்டு வந்திருக்க. பஸ்லயா வந்த? கூட்டாளி காரா. அவன்தானே ஓட்டினான்? நீ ஓட்டலையே? சரி. அவன் கேட்டுலயே இருக்கட்டும், ஒவ்வொருத்தருக்கா கை காலு கழுவி உள்ள விடறதுக்குள்ள பொழுது போயிடும்.

பைல என்ன? துணியா? அந்த பிளாஸ்க்ல டீயா? தெரியாதா, உங்கக்கா குடுத்துவிட்டாளா. சரி, உனக்கு எடது பக்கம் செவுத்துல ஒரு பொட்டி பதிச்சிருக்கு பாரு, நீல லைட்டு. அதத் தொறந்து உள்ள வச்சு சாத்திடு. வெளிப்பொருள் எதுவா இருந்தாலும் அந்த வெளிச்சத்துல கொஞ்ச நேரம் கெடந்துட்டுதான் எங்க கைக்கு வரும். முடிஞ்சதும் அதுவே டிங்குனு ஒரு மணி அடிக்கும். அடிச்சாதான் இந்தப் பக்கக் கதவு தொறக்கும். கிருமி போறதுக்காம். எந்தப் பக்கத்துக் கிருமின்னு கேக்காத.

தெரியும், எதுக்கு வந்திருக்கன்னு. நீ கேட்டைத் தாண்டி நடந்து வர்ற நடையிலேயே தெரிஞ்சுது. உங்கக்கா ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்து இவ்வளவு நாளாச்சு, கட்டின புருஷன் வாசப்படி மிதிக்கல. கூடப்பொறந்தவன் உடம்ப அறுத்துக் குடுத்துட்டான், புருஷன்காரன் பன்னிக்கு மூக்கு தொடைச்சுக்கிட்டு இருக்கான். அத்தை இதத்தானே சொல்லி அனுப்பினாங்க? இத விட நல்லாவே சொல்லியிருப்பாங்க. நீ பாதிய முழுங்கிட்டு சொல்ற. நீ நல்லவன்.

வரமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன். வர்றேன். லீவு கெடைக்கட்டும். இப்ப புது ஈத்துக் குட்டிங்க, ஒரு கொட்டகை நெறைய. இதுங்களுக்கு மருந்து அடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த கொட்டகைல பொறந்துடும். அத முடிச்சா மறுபடி இங்க. பன்னி நமக்காக நிறுத்துமா? நிறுத்தாது. வேற ஆளா? வேற ஆளு எங்க இருக்கு. குட்டியப் புடிக்கறதுக்கு ஆயிரம் பேர் வருவான், மூக்குல அடிக்கறதுக்கு ஒரு கை வேணும்.

இதோ என் கைல இருக்குதே, இதுதான். பாத்தா பொம்மைத் துப்பாக்கி மாதிரி இல்ல? முனையில இந்தச் சின்னக் குழல். ஊசியே கெடையாது. குட்டிய எடது கைல இப்படி அணைச்சுக்கணும், மூஞ்சி மேல பாத்த மாதிரி. அது கத்தும் பாரு, கொலை பண்ற மாதிரி கத்தும். கத்தி முடிச்சு மூச்ச உள்ள இழுக்கும். அந்த இழுப்புக்குத்தான் காத்திருக்கணும். அது இழுக்கற நேரம் பாத்து ஒரு அழுத்து. புகை மாதிரி உள்ள போயிடும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மருந்து தரையில. அப்புறம் அது நம்மள ஒரு பார்வை பாக்கும். அப்பன் ஆத்தாளத் திட்டின மாதிரி. பாத்துட்டு, ஒரு தும்மல் தும்மும், நேரா நம்ம மூஞ்சில.

போட்டிருக்கேன், போட்டிருக்கேன், முகமூடி எல்லாம் குடுக்கறாங்க. போட்டு கொஞ்ச நேரத்துல அது நனைஞ்ச துணிதான். இந்தச் சூட்டுல.

நோயா? மூக்குல வர்றது. குட்டியிலயே புடிச்சுக்கும். மொதல்ல தும்மல், அப்புறம் இருமல். கண்ணோரத்துல அழுத மாதிரி கறை எறங்கும். மூக்கு எலும்பையே அரிச்சுடும், வளர வளர மூக்கு ஒரு பக்கமா கோணிக்கும். தின்னது ஒட்டாது. நான் மொத மொதல்ல இங்க வந்தப்ப பாதிக் கொட்டகை கோணமூக்குதான். ராவெல்லாம் இருமல். எங்க ரூமு இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட, ஒரு கட்டில், ஒரு கொக்கி, ஒரு ஜன்னல், ஜன்னலத் தொறந்தா இந்த ஃபேன். ஆஸ்பத்திரி வார்டுல படுத்திருக்கற மாதிரிதான் இருக்கும்.

அதுக்குத்தான் இந்த மருந்து. நாங்க உசுரு மருந்துன்னு சொல்லுவோம். நெஜமாவே உசுரு இருக்கு மாப்ள அதுக்கு. அதே கிருமிதான், வேற ஒண்ணுமில்ல. பல்லப் புடுங்கி விட்டிருக்காங்க, அவ்வளவுதான். கடிக்கத் தெரியாது, குடியிருக்கத் தெரியும். மூக்குக்குள்ள போயி துண்டு போட்டு எடம் புடிச்சு உக்காந்துக்கும். அப்புறம் நெஜமான கிருமி வந்தா, இங்க எடமில்ல, அடுத்த வண்டியப் பாருன்னு அனுப்பிடும். அதுக்குள்ள உடம்பும் கத்துக்கும், ஓஹோ, திருடன் இந்த மூஞ்சிலதான் வருவானான்னு. நல்ல யோசனை. யார் யோசிச்சானோ.

இரு மாப்ள, ஒரு நிமிஷம். பின்னால குழா சொட்டற மாதிரி இருக்கு. பாத்துட்டு வந்துடறேன்.

ம். வந்துட்டேன். ஒண்ணுமில்ல, வாஷர் போயிருக்கு. ஆமா ஆமா, மறுபடி அந்தப் பன்னி இருமல்தான். ஒண்ணு ஆரம்பிச்சா விடாது. நீ அதக் கேக்காத, சிரிப்பா ஒண்ணு சொல்றேன் கேளு.

எனக்கு முன்னாடி இந்த வேலைய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாரு. சோப்புன்னு கூப்பிடுவோம். கை கழுவிக் கழுவி வெரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கும், ஊறின கடலை மாதிரி. அவரு இந்தத் துப்பாக்கிய வேலை முடிஞ்சதும் பிளீச்சிங் தண்ணில ஊறப் போட்டு, தேய்ச்சு, கண்ணாடி மாதிரி வச்சிருப்பாரு. சூப்பர்வைசர் எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சுக் காட்டுவாரு, பாருங்கடா, சுத்தம்னா இதுதாண்டான்னு. இவரு அந்த ஈத்து முழுக்க மருந்து அடிச்சாரு. ஒரு குட்டி விடாம. அப்புறம் பாத்தா மொத்தமும் இருமுது. டாக்டரம்மா வந்து காலையிலருந்து தலையப் பிச்சுக்கறாங்க. மருந்து நல்ல மருந்து. குளிர்பெட்டி சரியா இருக்கு. தேதி தாண்டல. பொழுது சாயற நேரத்துல, எதுக்கோ இந்தத் துப்பாக்கிய எடுத்து மோந்து பாத்தாங்க. பிளீச்சிங் வாசம் கம்முனு அடிக்குது. உள்ள ஒரு ஓரத்துல ஒட்டியிருக்கற அந்தத் துளி போதும், உள்ள ஊத்தற மருந்து அத்தனையும் காலி. உசுரு இருந்தாத்தானே மருந்து. இவ்வளவு நாளா குட்டிங்களுக்குப் பொணத்த அடிச்சிருக்கீங்களேன்னாங்க.

சோப்பு அன்னிக்கு அழுதாரு மாப்ள. நான் என்ன அழுக்கா வச்சிருந்தேனான்னு கேட்டுக் கேட்டு அழுதாரு. அவரத் தீவனக் குடோனுக்கு அனுப்பிட்டாங்க. அந்த எடத்துக்குத்தான் நான் வந்தேன். இப்ப இதக் கழுவறதுக்கு சோப்பு கெடையாது, பிளீச்சிங் கெடையாது. கொதிக்க வச்சு ஆறின வெறும் தண்ணி. நீ வந்தப்ப அதத்தான் ஆரம்பிச்சேன்.

சிரிக்கலையா. சரி.

போன்ல பேசறேனே மாப்ள. ஒரு நாள் விடறதில்ல. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் மொத வேலை அதுதான். மாத்திரை போட்டியா, தண்ணி எவ்வளவு குடிச்ச, காலு வீங்கியிருக்கா அழுத்திப் பாரு, எல்லாம் கேப்பேன். நான் பேசலன்னு அவ சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாளே. பாதிப் பேச்சுல இந்த இருமல் சத்தம் வந்துடும். என்ன அதுன்னு கேட்டா மொத நாள். பன்னின்னேன். ஓ, ரொம்ப நெஞ்சு கட்டியிருக்கு போல, அந்தப் பன்னிக்கு வெந்நீர் வச்சுக் குடுங்கன்னா. அதுலருந்து தெனமும் அதே விளையாட்டு. பன்னி எப்படி இருக்கு, வெந்நீர் குடிச்சுதா, சொல் பேச்சு கேக்காத பன்னியா இருக்கும்போலன்னு. ஆஸ்பத்திரியில ட்யூபெல்லாம் மாட்டிக் கெடந்தப்பவும் அப்படித்தான், குரலே வராது, பன்னி என்ன பண்ணுதுன்னு கேட்டா.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மயக்கத்துல இருந்த, உனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். நர்ஸ் உள்ள போங்கன்னுதான் சொன்னுச்சு, கோட்டு போட்டுக்கிட்டு போகலாம்னு. நான்தான் வேணாம்னுட்டேன். அதையும் அத்தை கவனிச்சுட்டாங்களா. அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என்னது? யாரு சொன்னா? வேற பொம்பளையா? எனக்கா?

இரு, சிரிச்சுக்கறேன். அந்தப் பொம்பளையக் கொஞ்சம் காட்டச் சொல்லு, கும்புட்டுக்கறேன். மூணு தடவ குளிச்சாலும் என் மேல வாசம் போகாது, பஸ்ல ஏறினா பக்கத்து சீட்டு தானா காலியாயிடும். இந்த வாசத்துக்கு மேலயும் ஒருத்தி வர்றான்னா அவ மகராசியா இருக்கணும். சோறு ஆக்கற அந்தம்மாவையா சொல்றாங்க? அவங்களுக்குப் பேரன் கல்யாண வயசுல இருக்கான் மாப்ள.

கோவிச்சுக்காத. உக்காரு. நீ கேக்கறது நியாயம்தான். நானா இருந்தா கம்பியத் தாண்டி வந்து சட்டையப் புடிச்சிருப்பேன்.

வேலைய விட்டுடறதா. அதான் உன் யோசனையா. ஊர்ல வந்து வேற எதாச்சும் பாக்கறதா. சரி, ஒண்ணு கேக்கறேன். உங்கக்கா காலையிலயும் ராத்திரியும் போடறாளே, அந்த மாத்திரை எங்கருந்து வருது? என் கார்டு. கம்பெனி குடுத்த மெடிக்கல் கார்டு. நீட்டினா குடுத்துடறாங்க. நான் இங்க ஆளா இருக்கற வரைக்கும் அந்தக் கார்டு செல்லும். நான் கேட்டத் தாண்டின அன்னிக்கு அது வெறும் அட்டை. அந்த மாத்திரை ஒரு வேளை, ரெண்டு வேளை சமாச்சாரம் இல்ல. உசுரு இருக்கற மட்டும். நிறுத்தினா என்னாகும்னு டாக்டர் உன்கிட்டயும்தானே சொன்னாரு. அந்தக் கிட்னி உன்னோடது மாப்ள. அவ உடம்புக்குள்ள போனாலும் அவளோடது ஆயிடாது. அவ உடம்பு அதப் பாத்தா, யார்ரா இவன் நம்ம வீட்டுக்குள்ளன்னு வெரட்டப் பாக்கும். அந்த மாத்திரைதான் உள்ள இருக்கற காவக்காரனைத் தூங்க வைக்குது. அவன் தூங்கற வரைக்கும்தான் உன் கிட்னி அங்க குடியிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? தெனம் இதே வேலையாச்சே எனக்கு. இங்க காவக்காரனை எழுப்பறோம், அங்க தூங்க வைக்கறாங்க.

கேட்டேன், கேக்காம இருப்பேனா? தீவனக் குடோனுக்கு மாத்துங்க சார்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அங்க பன்னி கெடையாது, மருந்து கெடையாது, மூட்டை மட்டும்தான். மாத்தறேன், ஆனா அங்க எல்லாம் காண்ட்ராக்ட் ஆளுங்கப்பா, கார்டு கெடையாதேன்னாரு. சோப்புக்கும் கார்டு போச்சு அப்படித்தான். அவரு ஒண்டிக்கட்டை, அவருக்குப் பெருசாத் தெரியல. நான் வந்த வழியே திரும்பி வந்துட்டேன்.

இரு. மறுபடி அந்தக் குழா. வந்துடறேன்.

ம். சொல்லு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. தவிட்டுத் தூசி. இங்க எல்லாருக்கும் கண்ணு செவந்துதான் இருக்கும்.

டாக்டரம்மாவப் பத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன்ல. நல்லவங்க. ஒவ்வொரு ஈத்துக்கும் மருந்து வர்றப்ப எங்களையெல்லாம் கூட்டி வச்சு ஒரு கேள்வி கேப்பாங்க. வீட்ல யாருக்காவது உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கா? புத்துநோய்க்கு மருந்து எடுக்கறவங்க, கிட்னி மாத்தினவங்க, அப்படி யாராச்சும்? இருந்தா கைய தூக்குங்க, இந்த மருந்து அடிக்கற வேலையிலருந்து எடுத்துடறேன்னு. பல்லு இல்லாத கிருமிதான், உங்களுக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது, ஆனா காவலே இல்லாத வீட்டுக்குள்ள நுழையறதுக்குப் பல்லு எதுக்குன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாங்களும் சிரிச்சோம். போன தடவ கேட்டப்ப நான் என் பூட்ஸைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு லேசு அவுந்திருந்துது. அதக் கட்டறதுக்குக் குனிஞ்சுட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கற.

கை தூக்கியிருந்தா குடோன்தான். அதான் சொன்னேனே.

சரி மாப்ள, நீ கெளம்பு. இருட்டிட்டா அந்த ரோடு நல்லா இருக்காது. வீட்டுக்குப் போனதும் நேரா குளி. இந்தத் துணிய மாத்திட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் அவ பக்கத்துல போகணும். மறந்துடாத. தட்டிக்கழிக்காத. பெஞ்சுல உக்காந்ததுக்கா இவ்வளவுன்னு கேக்காத, சொல்றதச் செய்யி. அடுத்த மாசம் எப்படியும் வர்றேன்னு அவகிட்ட...

என்ன?

கார்லயா? எந்தக் கார்ல? அந்தக் கார்லயா? இவ்வளவு நேரமாவா?

ஏண்டா மொதல்லயே சொல்லல. அவள எதுக்குடா கூட்டிட்டு வந்த. அவளே ஏறி உக்காந்துட்டாளா. வேணாம்னு சொன்னா கேப்பாளான்னு நீ... சரி, சரி. கத்தல. கண்ணாடி ஏத்தியிருக்கா? நல்லாப் பாத்தியா? முகமூடி? காத்து எந்தப் பக்கம் அடிக்குது. அந்தக் கொடில தொங்கற துணியப் பாரு, இப்படித்தானே பறக்குது. கொட்டகைப் பக்கம்தானே. சரி. அவ்வளவு தூரத்துக்கு வராது. வராது. டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க, பக்கத்துல இருந்தாதான் ஒட்டும்னு.

எந்திரிக்காத. நீ போயி அவளக் கூட்டிட்டு வர வேணாம். அவ நடந்து வந்தா நான் பின்பக்கமா போயிடுவேன், சத்தியமா போயிடுவேன், அப்புறம் அதுக்கும் ஒரு கதை கட்டுவீங்க. உக்காரு. உக்காருடா.

நீ வந்தப்ப ஒரு இருமல் கேட்டுச்சுல்ல.

இந்தக் கொட்டகைல பன்னி இருமி ரொம்ப நாளாச்சு மாப்ள. மருந்து நல்லா வேலை செய்யுது. நல்ல கைன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டே இருக்காரு. காதக் குடுத்துக் கேளு. முக்கும், ஒறுமும், கம்பியக் கடிக்கும். இவ்வளவு நேரம் பேசினோமே, நான் உன் கண்ணு முன்னால நின்ன நேரத்துல ஒண்ணாச்சும் இருமிச்சா?

அதான்.

தெரியல. அந்த மருந்துக் கிருமியா, வெறும் தூசியா, யாருக்குத் தெரியும். இங்க எல்லாருக்கும் தூசி இருமல் உண்டு. டவுனுக்குப் போயி ஒரு டாக்டரப் பாத்தேன். என்ன வேலைன்னு கேட்டாரு, பெயிண்டருன்னேன். மாத்திரை குடுத்தாரு. தின்னா நிக்குது. அதுக்குள்ள அடுத்த ஈத்து வந்துடுது, குட்டி மூஞ்சில தும்முது, மறுபடி ஆரம்பிச்சுடுது. சளியக் குடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். குடுக்கணும்னா கார்டு நீட்டணும். நீட்டினா கம்பெனிக்குத் தெரியும். இருமறவன் பன்னிகிட்ட நிக்கக்கூடாது, அதுவும் ஒரு சட்டம். அதுக்குத்தான் எனக்கு இருமல் வர்றப்பெல்லாம் குழா சொட்டுது. தெரிஞ்சுக்கறதுக்கும் வழியில்ல, தெரியாம வீட்டுக்கு வர்றதுக்கும் வழியில்ல. அவள மட்டும் நெனச்சா ஒரு வேளை துணிஞ்சு வந்திருப்பேனோ என்னவோ. உன் வயித்துத் தையலும் சேந்து ஞாபகம் வருது.

நீ அழாத. நீ அழுதுட்டு போனா அவ கண்டுபுடிச்சுடுவா. மூஞ்சியத் தொட.

அவகிட்ட சொல்லாத. சொன்னா வேலைய விடச் சொல்லுவா, மாத்திரைய நானே நிறுத்திக்கறேம்பா, அவளத் தெரியாதா உனக்கு. வேற எதாச்சும் சொல்லு. அந்தப் பொம்பளை கதையே நல்லாத்தான் இருக்கு. ஆமாக்கா, இருக்குன்னு சொல்லிடு. சோறாக்கற அம்மா வேணாம், பாவம். வேற யாரையாச்சும் வச்சுக்கோ. கோவத்துல அவ நல்லாத் தின்னுவா. கல்யாணமான புதுசுலயே பாத்திருக்கேன், சண்டை போட்ட அன்னிக்குத்தான் ரெண்டு தட்டு சாப்பிடுவா. கோவம் இருந்தா எங்கிட்ட வரமாட்டா. எனக்கு அது போதும்.

மணி அடிச்சிடுச்சு. பொட்டிதான். உன் பை. இரு, எடுத்துக்கறேன்.

இந்தச் சட்டைய எதுக்குக் குடுத்துவிட்டா, இது அவ எடுத்துக் குடுத்ததாச்சே. பிளாஸ்க் சூடா இருக்கு. மூடி இறுக்கமா... ம்.

டீ இல்ல மாப்ள. வெந்நீர்.

வெறும் வெந்நீர்தான். குடுக்கறப்ப எதாச்சும் சொன்னாளா? யாருக்குன்னு சொன்னாளா? சொல்லலையா. கார விட்டு எறங்க மாட்டேன்னதும் அவதானா? நீ சொல்லியில்லையே? கண்ணாடிய அவளே ஏத்திக்கிட்டாளா.

ம்.

அப்படின்னா பொம்பளை கதை வேணாம். ஒண்ணும் சொல்ல வேணாம். நீ போ. முன்சீட்ல உக்காரு, உன் பக்கத்துக் கண்ணாடிய எறக்கி விட்டுக்கோ. வீட்டுக்குப் போனதும் குளியல், ஞாபகம் இருக்கட்டும். வழியில குலுக்காம ஓட்டச் சொல்லு உன் கூட்டாளிய, ரெண்டு பேருக்கும் தையல் இருக்கு.

காரைக் கொஞ்சம் முன்னால எடுத்து நிறுத்தச் சொல்லு, அந்த விளக்குக் கம்பத்துகிட்ட. அங்கருந்து பாத்தா இந்தக் குழாயடி தெரியும். ரொம்ப நேரம் வேணாம். நான் கையெல்லாம் ஆட்ட மாட்டேன், யாராச்சும் பாத்தா ஏன் எதுக்குன்னு கேப்பான். நான் பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டு இருப்பேன். அவ பாக்கட்டும்.

ஒரு வாய் குடிச்சிட்டேன்னு சொல்லு. பன்னி குடிச்சுதுன்னு சொல்லு.

போ. இந்தக் குழல இன்னும் கழட்டவே இல்ல. உள்ள காஞ்சுடுச்சுன்னா அப்புறம் வராது. தண்ணி ஆறியிருக்கு. சோப்பு வேணாம், ஒண்ணும் வேணாம். இப்படி ஒரு தடவ, இந்தப் பக்கமா திருப்பி ஒரு தடவ.